எறும்பு ஊரக் கல் தேயுமா? பாறைச் சிதைவும் அரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிதைவு, அரிப்பு என்று இரண்டு சொல் எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

வேறு வேறு. பாறை இருந்த இடத்திலேயே விரிசல் விட்டு, இளகி, பொடியாகிப் போவது சிதைவு. அந்தப் பொடியையும் துண்டுகளையும் ஆறோ காற்றோ பனியோ கடலோ வாரிக்கொண்டு போவது அரிப்பு. போன சரக்கு எங்கேயாவது இறங்கித் தங்கினால் அது படிவு.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ‘வானிலைச் சிதைவு’ என்று வரும். இலங்கைத் தமிழில் ‘வானிலையாலழிதல்’ என்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் மழை, வெயில், பனி என்று வானிலை மட்டுமே காரணம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வேர், பாசி, உப்பு, எறும்பு வரைக்கும் இதில் பங்கு உண்டு.

அவ்வளவு கெட்டியான பாறை எதற்காகச் சிதைய வேண்டும்?

பெரும்பாலான பாறைகள் நாம் பார்க்கும் இடத்தில் பிறந்தவை இல்லை. கிரானைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில், 650 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில், பெரும் அழுத்தத்தில் இறுகிய கல் அது. அதன் கனிமங்கள் அந்த இடத்துக்குப் பொருத்தமானவை. மேலே வந்ததும் அழுத்தம் போய்விடுகிறது, சூடு போய்விடுகிறது. பிறந்த இடத்தில் இல்லாத ஆக்சிஜனும் ஓயாத மழையும் சூழ்ந்துகொள்கின்றன. புது இடத்துக்கு ஏற்றபடி கனிமங்கள் மாறுகின்றன. அந்த மாற்றத்தைத்தான் சிதைவு என்கிறோம்.

பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து பாறை வெடிக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அது சரிதானா?

பாதி சரி. இந்தப் பாதிக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

1936-ல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மெருகேற்றிய கிரானைட் துண்டு ஒன்றை மின்அடுப்பில் சூடாக்குவது, பிறகு குளிரவைப்பது என்று மாற்றி மாற்றிச் செய்தார். ஒரு சுற்றுக்கு 110 டிகிரி வேறுபாடு. மொத்தம் 89,400 சுற்று. ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று கணக்குப் போட்டால் 244 வருடத்துக்குச் சமம். உருப்பெருக்கியில் பார்த்தார், கல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம் அதே சோதனையில் உலர்ந்த காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைத் தெளித்துக் குளிரவைத்தார். இரண்டரை வருடத்துக்குச் சமமான சுற்றுகளிலேயே கல்லின் பளபளப்புப் போய், சிறு விரிசல்கள் தெரிந்தன.

வெயிலின் தலையில் போட்டிருந்த பழியை இந்தச் சோதனை தண்ணீர் மேல் திருப்பிவிட்டது. ஆனால் வெயிலை முழுக்க விடுதலை செய்துவிடவும் முடியாது. கிரிக்ஸ் எடுத்தது சின்னத் துண்டு, எல்லாப் பக்கமும் தாராளமாக விரிந்து சுருங்க இடம் இருந்தது. மலையோடு ஒட்டிய பாறைக்கு அந்த வசதி கிடையாது. பாலைவனங்களில் கிடக்கும் உருண்டைக் கற்களின் விரிசல்களை அளந்து பார்த்த பிற்கால ஆய்வாளர்கள், பல விரிசல்கள் வடக்குத் தெற்காக ஓடுவதைக் கண்டார்கள். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போவதோடு இது பொருந்துகிறது. ஆக, வெயில் விரிசலைத் தொடங்கிவைக்கும். வேலையை முடிப்பது பெரும்பாலும் ஈரம்.

தண்ணீர் உறைந்தால் பாறை பிளக்குமாமே?

பிளக்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. விரிசலுக்குள் அடைபட்ட நீர் உறைந்தால் சுவரை நெம்பும்.

பாடநூல் இங்கே நிறுத்திவிடும். ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. விரிசலின் வாய் திறந்திருந்தால், விரியும் பனிக்கட்டி வெளியே பிதுங்கிவிடுமே? எப்படி நெம்பும்? இன்னொரு வழியும் இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே போனாலும் பாறையின் நுண்துளைகளில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் உடனே உறைவதில்லை. ஏற்கெனவே உருவான பனிக்கட்டி அந்த நீரைத் தன்பக்கம் உறிஞ்சி உறிஞ்சி வளர்கிறது. மெதுவாக, விடாமல். இது பெரும்பாலும் மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரையிலான குளிரில் நன்றாக நடக்கும். அதனால்தான் கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் மலையைவிட, மிதமான உறைபனி நிலை நெடுநாள் நீடிக்கும் ஈரமான மலையில் கல் அதிகம் உடைகிறது.

உப்பு கல்லை உடைக்குமா?

உடைக்கும். உப்புநீர் கல்லின் துளைக்குள் போய்க் காய்ந்தால் உப்புப் படிகம் வளரும். வளரும் படிகம் சுவரைத் தள்ளும். சில உப்புகள் ஈரம் பட்டால் தாமே பெருக்கவும் செய்யும். கடலோரப் பாறைகளில் தேன்கூடு மாதிரி குழிகுழியாகத் தெரிவது பெரும்பாலும் இந்த வேலைதான்.

‘கிளியோபாட்ராவின் ஊசி’ என்று ஒரு கல்தூண் நியூயார்க்கில் நிற்கிறது. கிளியோபாட்ராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முந்தியது, கி.மு. 1450 வாக்கில் எகிப்தில் செதுக்கியது. 1881-ல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். மூவாயிரம் வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த எழுத்துகள், நிறுத்திய சில வருடங்களிலேயே செதில் செதிலாக உதிரத் தொடங்கின. நகரத்துப் புகைதான் காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். இன்னொரு விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்தத் தூண் எகிப்தில் பல நூற்றாண்டுகள் கவிழ்ந்து மண்ணில் கிடந்தது. அப்போது நிலத்தடி நீரின் உப்பைக் குடித்துவிட்டது. வறண்ட காற்றில் அந்த உப்பு சும்மா கிடந்தது. நியூயார்க்கின் ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டது.

வெங்காயத் தோல் மாதிரி பாறை உரிவது எப்படி?

இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்வது சகஜம்.

முதல் வகை, சுமை இறங்குவதால் வருவது. ஆழத்தில் அமுங்கிக் கிடந்த பாறைக்கு மேலே இருந்ததெல்லாம் அரிபட்டுப் போனதும், பாறை மூச்சு விட்டதுபோல விரிகிறது. மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் ‘ஹாஃப் டோம்’ போன்ற வழுவழுப்பான கும்பப் பாறைகள் இப்படி வந்தவை. பொதுவாக இதை நேரில் பார்க்க ஒருவருக்கும் வாய்ப்பதில்லை. 2014 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ட்வெய்ன் ஹார்ட் என்ற இடத்தில் வாய்த்தது. கோடை வெயிலில் ஒரு கிரானைட் மேட்டின் மேல்தகடு சத்தத்தோடு வெடித்து எழும்பியது வீடியோவிலேயே பதிவாகிவிட்டது.

இரண்டாவது வகை, ஈரத்தால் வருவது. பெட்டி பெட்டியாக விரிசல் விட்ட பாறைக்குள் நீர் இறங்கும். பெட்டியின் மூலைகளை மூன்று பக்கமிருந்தும், விளிம்புகளை இரண்டு பக்கமிருந்தும் நீர் தாக்கும். முகப்புக்கு ஒரு பக்கத் தாக்குதல்தான். மூலை முதலில் போகும், பெட்டி பந்தாகும். ஆஸ்திரேலியாவின் கார்லு கார்லுவில் யாரோ உருட்டி அடுக்கியது போலக் கிடக்கும் உருண்டைப் பாறைகள் அடிப்படையில் இந்த மூலைக் கணக்கால் உருவானவை.

மழைநீர் சுத்தமானதுதானே, அது எப்படிக் கல்லைக் கரைக்கும்?

மாசே இல்லாத மழைநீரும் லேசான அமிலம்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அமிலக் காரக் குறியீடு (pH) சுமார் 5.6; 7-க்குக் கீழே போனால் அமிலம். மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அமிலம் இன்னும் கூடுகிறது.

சுண்ணாம்புக்கல் இதில் நேரடியாகக் கரைந்துவிடும். அமெரிக்காவில் கெண்டக்கியின் மம்மத் குகையில் இதுவரை அளந்த சுரங்கவழிகள் மட்டும் 680 கிலோமீட்டருக்கு மேல். அத்தனையும் சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துப்போட்ட வழி. சலவைக்கல் சிலைகளின் மூக்கு மழுங்குவதும் இதே கரைதல்தான். ஆலைப் புகையிலிருந்து வரும் கந்தக அமிலம் கலந்தால் பல மடங்கு வேகமாக நடக்கும்.

கிரானைட்டின் கதை வேறு. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் முழுக்கக் கரைவதில்லை, களிமண்ணாக மாறுகிறது. களிமண் ஆனதும் பிடிமானம் போய்விடும். அதுவரை கூட ஒட்டியிருந்த குவார்ட்ஸ் மணிகள் உதிர்ந்து மணலாகும். ஆற்று மணலும் அதன் பக்கத்தில் கிடக்கும் களிமண்ணும் ஒரே பாறையின் பிள்ளைகளாக இருக்கலாம்.

இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் 348 மீட்டர் உயர உலுரு குன்று சிவப்பாகத் தெரிவது மேல்தோல் துருவால். உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம்.

எந்தப் பாறை அதிக நாள் தாங்கும்?

பாறையைவிட அதிலுள்ள கனிமங்களைக் கேட்பதுதான் சரி. 1938-ல் சாமுவேல் கோல்டிச் என்ற புவியியலாளர் ஒரு வரிசை கொடுத்தார். உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது, அதிகச் சூட்டில் முதலில் உருவாகும் ஆலிவின் போன்ற கனிமங்கள் மேற்பரப்பில் முதலில் சிதையும். கடைசியில் உருவாகும் குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். கடற்கரை மணலில் குவார்ட்ஸ் இவ்வளவு கிடப்பதற்கு இதுதான் காரணம். மற்றவை வழியிலேயே போய்விட்டன.

குவார்ட்ஸைவிட உரம் கொண்டது சிர்க்கான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்க்கான் மணிக்கு வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். அது இருந்த பாறைக்கோ சுமார் 300 கோடி. அதாவது மணி முதலில் பிறந்த தாய்ப்பாறை எப்போதோ சிதைந்து காணாமல் போய்விட்டது. மணி மட்டும் ஆற்றில் உருண்டு, புதைந்து, வேறொரு பாறைக்குள் குடியேறி, இன்று வரை வந்திருக்கிறது.

பொடியாக உடைந்தால் வேகமாகச் சிதையும் என்பது ஏன்?

பரப்பளவுதான் காரணம். ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல்லுக்கு வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். அதைப் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்தால் 60. ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கினால் 600. கல்லின் அளவு அதேதான், அமிலத்துக்குக் கிடைக்கும் இடம் நூறு மடங்கு. உறைபனியும் வேரும் உடைத்துக் கொடுக்க, மழைநீர் கரைக்கிறது. இயற்பியல் சிதைவு, வேதியியல் சிதைவு என்று தேர்வுக்குத் தனித்தனியாக எழுதலாம். மலையில் இரண்டும் கூட்டுத் தொழில்.

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பது வெறும் பழமொழியா, உண்மையா?

இந்தக் கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்படுவது. பதில் வேடிக்கை இல்லை.

ரொனால்ட் டோர்ன் என்ற புவியியலாளர், எரிமலைக் குழம்பு இறுகி உருவாகும் பசால்ட் பாறையைப் பொடித்து, அரிசோனாவிலும் டெக்சாஸிலும் எறும்புப் புற்றுகளுக்குள் புதைத்தார். அதே பொடியை மரவேர்களின் நடுவிலும் வெறும் நிலத்திலும் வைத்தார். 25 வருடம் அவ்வப்போது எடுத்துப் பார்த்தார். 2014-ல் வெளியான முடிவு: ஆலிவின் போன்ற கனிமங்கள் வெறும் நிலத்தில் கரைந்ததைவிட எறும்புப் புற்றில் 50 முதல் 300 மடங்கு வேகமாகக் கரைந்திருந்தன. எறும்புகள் துகள்களை நக்குவதாலா, சுரப்புகளாலா, கூடவே வாழும் நுண்ணுயிர்களாலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பழமொழி சொன்னது எறும்பின் கால் தேய்ப்பதை, நடப்பது வேதியியல். ஆனாலும் கல் தேய்கிறது என்பதில் பழமொழிக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

மற்ற உயிர்களும் சும்மா இல்லை. பாறைமேல் படரும் மரப்பாசி போன்ற லைக்கன்கள் ஆக்சாலிக் அமிலம் சுரந்து கனிமங்களை இளக்கும். வேர் விரிசலில் நுழைந்து தடிக்கும். வளை தோண்டும் பிராணிகள் புதுக்கல்லைக் காற்றுக்கும் நீருக்கும் காட்டிக்கொடுக்கும்.

ஆறு பாறையை எப்படி வெட்டுகிறது?

வெறும் நீர் பெரிதாக வெட்டாது. நீர் உருட்டிக்கொண்டு வரும் மணலும் கூழாங்கல்லும்தான் அரம். சுழிக்குள் மாட்டிய கல் சுற்றிச் சுற்றிப் பாறையில் குடம் மாதிரி குழி பறிக்கும். மலையில் கூரான முனைகளோடு கிளம்பிய துண்டுகள் ஒன்றோடொன்று மோதி வழுவழுப்பாகும்.

இதில் எதிர்பாராத ஒன்று: ஆற்றுப் படுகையிலிருந்து கிளப்ப எளிதானது மிக நுண்ணிய துகள் என்று நினைப்போம். 1935-ல் ஸ்வீடனின் ஃபிலிப் ஹ்யூல்ஸ்ட்ரோம் காட்டியது வேறு. மணலைக் கிளப்புவதுதான் எளிது. களிமண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அதைப் பெயர்க்க அதிக வேகம் தேவை. ஆனால் பெயர்ந்துவிட்டால் லேசில் படியாது, கடல் வரை போய்விடும்.

அமெரிக்காவின் கொலராடோ ஆறு கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை 446 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 1.8 கிலோமீட்டருக்கு மேல் ஆழமாக, சுமார் 50 முதல் 60 லட்சம் ஆண்டுகளில் வெட்டியது. ஆழத்தை ஆண்டால் வகுத்தால் வருடத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நயாகரா அருவி வேறு மாதிரி. மேலே கெட்டிப் பாறை, கீழே மென்மையான களிப்பாறை. கீழே குடைய, மேலே இடிந்து விழ, சுமார் 12,000 ஆண்டுகளில் அருவி 11 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. இப்போது மின்சாரத்துக்காக நீரைத் திருப்பிவிடுவதால் அந்த வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

காற்று?

காற்றுக்குக் கிடைக்கும் பெயர் கொஞ்சம் அதிகம். மணலைத் தூக்கிச் செல்லும்போது மணிகள் தரையிலிருந்து பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான் துள்ளும். அதனால் பாறையின் அடி தேயும், மேலே தேயாது, காளான் வடிவம் வரும் என்பார்கள். வரும்தான். ஆனால் தரையோரம் தங்கும் ஈரமும் உப்பும் அந்த அடியை ஏற்கெனவே இளக்கியிருக்கும். இங்கேயும் தண்ணீர் ஒளிந்திருக்கிறது.

காற்றின் உண்மையான திறமை தூசியைத் தூரம் கொண்டுபோவதில். சஹாராவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் தூசி அமேசான் படுகையில் இறங்குகிறது என்று நாசாவின் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. சஹாரா தூசி கிளம்பும் முக்கிய இடங்களில் ஒன்று சாட் நாட்டின் போடேலே பள்ளம். அது ஒரு காய்ந்துபோன பழைய ஏரிப் படுகை.

பனியாறு?

பனி தானாகக் கல்லைக் கீறாது. அடியில் உறைந்து ஒட்டிய கற்கள் கீறும். வி வடிவப் பள்ளத்தாக்கு அகன்ற தொட்டி மாதிரி ஆகும். அரைபட்ட கல்மாவு பனியாற்று ஏரிகளில் மிதந்து நீலப்பச்சை நிறத்தைக் கொடுக்கும். நார்வேயின் சோக்னே கடற்கால்வாய் 1,300 மீட்டர் ஆழம். அது பழைய பனியாறு குடைந்த பள்ளம், பின்னால் கடல் வந்து நிரப்பியது.

கடற்கரை வளைவுகள் திடீரென்று விழுவது ஏன்?

திடீரென்று விழுவதாகத் தெரிவது நமக்குத்தான். அலை முதலில் விரிசலைக் குகையாக்கும், இரண்டு பக்கக் குகைகள் சந்தித்தால் வளைவு, வளைவின் கூரை விழுந்தால் தனித்தூண், தூண் சாய்ந்தால் கடலடிக் கல். மால்டாவின் ‘அஸூர் ஜன்னல்’ 2017 மார்ச் 8 அன்று ஒரு புயலில் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் ‘லண்டன் பாலம்’ என்று அழைக்கப்பட்ட பாறை 1990 ஜனவரியில் கரையோடு இணைக்கும் பகுதி இடிந்து, இரண்டு பேர் கடல் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. கடற்கரைப் பாறை வளைவுகளின் மேல் ஏறாதீர்கள் என்று பலகை வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நிலச்சரிவும் அரிப்பா?

பெரிய துண்டாக, புவியீர்ப்பே நேரடியாக இழுப்பது. 1963 அக்டோபர் 9 அன்று இத்தாலியின் வயோந்த் அணைக்கு மேலே இருந்த மலைச்சரிவு, 26 கோடி கன மீட்டருக்கு மேல், ஒரு நிமிடத்துக்குள் நீர்த்தேக்கத்தில் இறங்கியது. எழும்பிய அலையில் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை. சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையே மெல்லிய களிமண் படலங்கள் இருந்தன. ஏரி நிரம்ப நிரம்ப நிலத்தடி நீரின் அழுத்தம் ஏறி, அந்த அடுக்கில் பிடி தளர்ந்தது.

இப்படித் தேய்ந்துகொண்டே இருந்தால் மலைகள் ஏன் இன்னும் நிற்கின்றன?

ஒன்று, நிலத்தட்டுகள் மோதும் இடங்களில் மலை இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்.

இரண்டு, தேய்வதே மலையை எழுப்பும். பூமியின் மேலோடு, அடியிலுள்ள அடர்ந்த அடுக்கின் மேல் மிதப்பது போல நிற்கிறது. சரக்கை இறக்கிய படகு கொஞ்சம் மேலே வருவதில்லையா, அதே மாதிரி. பாறைகளின் அடர்த்தியைக் கணக்கிட்டால், 1,000 மீட்டர் தேய்ந்தால் சுமார் 800 மீட்டர் கீழிருந்து எழும்பிவிடும். அதனால் ஒரு மலைத்தொடரைத் தரைமட்டமாக்க, அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு பாறையை அரித்தாக வேண்டும். இமயமலையில் போனதெல்லாம் எங்கே என்றால், கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுபோகின்றன. வங்கக் கடலடியில் அது சுமார் 3,000 கிலோமீட்டர் நீள விசிறியாகப் பரந்து கிடக்கிறது.

பாறைச் சிதைவுக்கும் பருவநிலைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கிரானைட், பசால்ட் போன்ற சிலிக்கேட் பாறைகளை மழை அமிலம் கரைக்கும்போது காற்றிலிருந்து வந்த கார்பன் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக்கல்லாகிவிடுகிறது. பூமி சூடானால் மழையும் வேதிவினையும் கூடும், கார்பன் அதிகம் இழுபடும், பூமி குளிரும். குளிர்ந்தால் எதிர்மாறு. 1981-ல் முன்வைக்கப்பட்ட இந்த ‘வெப்பச் சீராக்கி’ விளக்கம் இன்றும் நிற்கிறது. ஆனால் இது லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் வேலை. நாம் விடும் புகைக்கு இதை நம்பியிருக்க முடியாது. பசால்ட் பொடியை வயல்களில் தூவி அந்த வேகத்தைக் கூட்டலாமா என்று இப்போது பலர் சோதிக்கிறார்கள்.

நிலாவில் பாறை தேயுமா?

நீரும் காற்றும் இல்லை, ஆனாலும் தேயும். நுண்விண்கற்கள் விழுந்து விழுந்து அரைக்கின்றன. வேகம் பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. 1969-ல் பதிந்த காலடித் தடம் அங்கே இன்னும் வெகுகாலம் இருக்கும்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது?

பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி மூடி, உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். புடைத்திருக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடித்துவிடும்.

சுண்ணாம்புக்கல் கரைவதைக் காட்டச் சாக்பீஸை வினிகரில் போடச் சொல்வார்கள். போட்டால் பல நேரம் ஒன்றும் நடக்காது, பிள்ளைகளும் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது வரும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது, அது நுரைக்காது. அதற்குப் பதில் முட்டை ஓட்டைப் போடுங்கள். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான் அது. உடனே குமிழி கிளம்பும். ஒரு துண்டை முழுசாகவும் இன்னொன்றை நன்றாக நொறுக்கியும் தனித்தனிக் கோப்பையில் போட்டால், எது முதலில் கரைகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.